பெயர் சொல்லாத நீர்க்கட்டி

பண்ருட்டிப் பக்கத்து ஸ்கேன் மையம் ஒன்றின் வாசல். வளைகாப்பு வளையல்கள் இன்னும் கழற்றப்படாத கைகளோடு ஒரு பெண் வெளியே வருகிறாள். அறிக்கையை அவளுடைய அம்மா வாங்கி, புரியாத ஆங்கிலத்தில் புரிந்த ஒரே சொல்லை, உள்ளே டாக்டர் வாய்விட்டுச் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்கிறார்: "நீர்க்கட்டியாம். கொழந்த வயித்துல." அடுத்த கேள்வி மகளிடமிருந்து வருகிறது: "அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்குன்னாங்களேம்மா, இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

இந்தப் பெண் ஓர் எடுத்துக்காட்டுக்காக நாம் கற்பனை செய்துகொண்டவள்தான். ஆனால் இந்தக் கேள்வியை எந்த ஊர் ஸ்கேன் அறையிலும் கேட்கலாம். நியாயமான கேள்வியும்கூட. ஐந்தாம் மாதத்தில் தலை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் மாதத்தில் திடீரென்று ஒரு கட்டி எப்படி முளைக்கும்? "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி நீர்க்கட்டி இருந்துச்சே, அதுதான் ஒட்டிக்கிச்சா?" என்ற கவலை வேறு.

ஐந்தாம் மாத ஸ்கேன் பொய் சொல்லவில்லை. தாயின் பழைய நீர்க்கட்டியும் குற்றவாளி அல்ல. காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

கொதிகலனிலிருந்து கருப்பைக்கு

கருவின் வயிற்றில் தெரியும் நீர்க்கட்டி சினைப்பைக் கட்டியாக இருக்கலாம். ஸ்கேன் கருவிக்கும் சினைப்பைக் கட்டிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1955-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூ என்ற ஊரிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி அந்தத் தொழிற்சாலையில் இருந்தது. நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களுக்கு இன்றும் அதே வகைச் சோதனைதான். டொனால்டின் சோதனையில் நீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரியும் திடமான கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

பிறகு அவரிடம் ஒரு பெண் நோயாளி வந்தார். இரைப்பைப் புற்றுநோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டப்பட்டவர். டொனால்டின் கருவி அவர் வயிற்றில் பெரிய நீர்க்கட்டி ஒன்றைக் காட்டியது. அது சினைப்பைக் கட்டி. அறுவையில் எடுத்தார்கள், அந்தப் பெண் பிழைத்தார். 1958-இல் 'லான்செட்' இதழில் டொனால்டும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரைதான் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்கேன் மையங்களுக்கெல்லாம் மூதாதை.

பெரியவர்களின் சினைப்பைக் கட்டியைக் கண்ட அதே ஒலி, 1975-க்குள் பிறக்காத குழந்தையின் சினைப்பைக் கட்டியையும் காட்டிவிட்டது. அந்த ஆண்டுதான் அப்படியொரு கண்டுபிடிப்பு மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானது.

கருவுக்குள் ஒரு சிறு பருவம்

பெண் சிசுவின் சினைப்பை, பூப்படையும் வரை தூங்கிக் கிடக்கும் உறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் வாழ்க்கையில் மிகப் பரபரப்பான காலம் கருப்பைக்குள்தான் கழிகிறது. ஐந்தாம் மாதத்தில் அதில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். பூப்படையும்போது மிஞ்சுவது மூன்று, நான்கு லட்சம்.

முட்டையைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு உருவாகும் நுண்ணிய உருண்டையை இங்கே 'சினைக்குமிழ்' என்று அழைப்போம். பெரியவர்களுக்கு மாதந்தோறும் இது வளர்ந்து உடைந்து முட்டையை வெளியே விடுகிறது. இதை வளரச் சொல்லும் கட்டளை ஹார்மோன்களிடமிருந்து வருகிறது.

கருவுக்கு அந்தக் கட்டளை மூன்று திசைகளிலிருந்து வந்து சேர்கிறது. தாயின் ஈஸ்ட்ரோஜன் ஒன்று. கருவின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது இன்னொன்று. நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி. மூன்றாவது. கர்ப்பமா இல்லையா என்று பார்க்க மெடிக்கல் கடையில் வாங்கும் பட்டையில் இரண்டாவது கோடு விழவைப்பதும் இந்த எச்.சி.ஜி.தான். இவை எல்லாம் சேர்ந்து தட்டியெழுப்பும்போது, கருவின் சினைப்பையில் ஒன்றிரண்டு குமிழ்கள் வளரத் தொடங்குகின்றன. இறந்து பிறந்த சிசுக்களையும் பிறந்தவுடன் இறந்த சிசுக்களையும் 1970-களில் ஆராய்ந்தபோது, பெண் சிசுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் சினைப்பையில் இத்தகைய சிறு குமிழ்கள் தென்பட்டன. அதாவது சிறு குமிழ் இருப்பது இயல்பு. அது அளவு மீறி வளர்வதுதான் கட்டி. கவனிக்க வேண்டிய அளவுக்குப் பெரிதாவது சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு என்பது மருத்துவ நூல்களின் கணக்கு.

தாய்க்குச் சர்க்கரை நோயோ, கர்ப்பகால ரத்த அழுத்தமோ, ரத்த வகை ஒவ்வாமையோ இருந்தால் நஞ்சுக்கொடி பெருத்து எச்.சி.ஜி. கூடலாம். அத்தகைய கர்ப்பங்களில் இந்தக் கட்டி சற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஆனால் எந்தக் குறையும் இல்லாத தாயின் கருவிலும் வரும்.

குமிழ் வளரக் காலம் வேண்டும். அதனால்தான் ஐந்தாம் மாதத்தில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 28 வாரம் தாண்டிய பிறகே ஸ்கேன் திரையில் கண்ணுக்குப் படும். நம் ஊரில் வளைகாப்பு போடும் பருவமும் அதுதான். தாய்க்கு இளவயதில் இருந்த 'நீர்க்கட்டி' என்பது சினைப்பை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள் தேங்கிக் கிடக்கும் வேறொரு நிலை. பெயர்தான் ஒன்று.

திரையில் ஒரு துப்பறிதல்

கருவின் வயிற்றில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. ஸ்கேன் திரையில் நீர் என்றால் கறுப்பு. அந்த நீர் யாருடையது?

முதல் சந்தேகம் சிறுநீர்ப்பை மேல். அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். கரு சிறுநீர் கழிக்கும், பை சுருங்கும், மறுபடி நிறையும். வட்டம் அப்படியே இருந்தால் அது சிறுநீர்ப்பை அல்ல. அடுத்து சிறுநீரகங்களைப் பார்ப்பார்கள். அங்கே அடைப்பு இருந்தாலும் நீர் தேங்கும். கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருந்தால் பித்தக்குழாய்க் கட்டியோ என்று யோசிப்பார்கள். சுவர் தடித்து, அடுக்கடுக்காகத் தெரிந்து, குடல்போல் நெளிந்தால் குடலைச் சேர்ந்த கட்டி. இவை எல்லாம் ஆண் கரு, பெண் கரு இரண்டிலும் வரக்கூடியவை.

இவற்றில் எதுவும் இல்லாமல், அடிவயிற்றில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி, மெல்லிய சுவரோடு இருக்கும் கட்டி சினைப்பையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதை உறுதி செய்யும் அடையாளம் ஒன்று உண்டு. பெரிய வட்டத்தின் உள்சுவரில் பட்டாணிபோல் இன்னொரு குட்டி வட்டம் ஒட்டியிருக்கும். மருத்துவர்கள் இதைத் தாய்க்கட்டிக்குள் 'மகள் கட்டி' என்கிறார்கள். அது இன்னொரு சினைக்குமிழ்.

அறிக்கையில் எழுதாத சொல்

இங்கேதான் இந்திய மருத்துவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. பல நாடுகளில் "குழந்தையின் சினைப்பையில் கட்டி" என்று நேராகச் சொல்லிவிடலாம். இங்கே சினைப்பை என்று சொன்னாலே கருவில் இருப்பது பெண் என்று சொன்னதாகிவிடும்.

1994-இல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் கடுமையாக்கப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப் படிவம்' நிரப்பப்படுவதும், ஸ்கேன் அறை வாசலில் அறிவிப்புப் பலகை தொங்குவதும் இதனால்தான்.

இந்தச் சட்டத்தின் தேவை பண்ருட்டி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு இந்த மாவட்டத்தில் இருந்த பெண்கள் 896 பேர். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே மிகக் குறைந்த எண் அது. மாநிலச் சராசரி 943.

ஆகவே அறிக்கையில் இருப்பது "கருவின் வயிற்றினுள் நீர்க்கட்டி" என்ற பொதுச் சொல். அதன் அளவு, இடம், தோற்றம், மீண்டும் எப்போது பார்க்க வேண்டும் என்பவை இருக்கும். உறுப்பின் பெயர் இருக்காது. மருத்துவர் மழுப்புகிறார் என்று குடும்பத்தினர் நினைக்கக்கூடும். அவர் சட்டப்படி நடக்கிறார், அவ்வளவுதான். இதனால் கருவுக்கு நஷ்டமும் இல்லை. பிறக்கும் வரை செய்ய வேண்டியது பெரும்பாலும் அளவைக் கண்காணிப்பது. அதற்குப் பெயர் தேவைப்படாது. வயிற்றில் நீர்க்கட்டி என்றதும் பெண் என்று கணக்குப் போடுவதும் தவறு. குடல் கட்டியும் பித்தக்குழாய்க் கட்டியும் ஆண் கருவுக்கும் வரும் என்று பார்த்தோம்.

ஒரு கட்டியின் நாட்குறிப்பு

நாம் வாசலில் பார்த்த பெண்ணிடம் திரும்புவோம். அவளுடைய ஊர் காடாம்புலியூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். முந்திரி உடைக்கும் ஊர்.

32-ஆம் வாரம்: கட்டியின் விட்டம் 34 மில்லிமீட்டர். நடுத்தர நெல்லிக்காய் அளவு. உள்ளே முழுக்கக் கறுப்பு, அதாவது தெளிந்த நீர். இரண்டு செ.மீ.க்கும் குறைவாக, ஒரு முந்திரிப் பருப்பின் அளவில் இருந்திருந்தால் இயல்பான குமிழ் என்று விட்டிருப்பார்கள். இது அதைத் தாண்டிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள்.

34-ஆம் வாரம்: 44 மில்லிமீட்டர். ஒரு செ.மீ.தான் கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் உருண்டையின் கணக்கு வேறு. 34 மில்லிமீட்டர் உருண்டைக்குள் சுமார் 20 மில்லி நீர் பிடிக்கும். 10 மில்லி கொள்ளும் இருமல் மருந்து மூடியால் அளந்தால் இரண்டு மூடி. 44 மில்லிமீட்டர் உருண்டைக்குள் சுமார் 45 மில்லி, அதாவது நாலரை மூடி. பத்து மில்லிமீட்டரில் சுமை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்த வாரத்தில் கருவின் வயிற்றின் குறுக்களவே ஒன்பது செ.மீ. சொச்சம். அதில் பாதி அகலத்தைக் கட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது.

36-ஆம் வாரம்: 45 மில்லிமீட்டர். வளர்ச்சி நின்றுவிட்டது. உள்ளே இன்னும் தெளிந்த நீர்தான். பனிக்குடநீர் சரியான அளவு. குடலைக் கட்டி அழுத்தினால் கரு விழுங்கும் நீர் கீழே இறங்காமல் பனிக்குடநீர் பெருகும். அதனால்தான் அதையும் அளக்கிறார்கள்.

39-ஆம் வாரம்: சுகப்பிரசவம். பெண் குழந்தை. வயிற்றில் கட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவைப்படுவதில்லை.

இப்போதுதான் கட்டிக்கும் பெயர் கிடைக்கிறது. முதல் வாரத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் முதன்முதலாக 'சினைப்பை' என்ற சொல் இடம்பெறுகிறது. ஒரு மாதத்தில் 36 மில்லிமீட்டர், மூன்றாம் மாதத்தில் 17. ஆறாம் மாதம், சோறூட்டும் சமயத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை.

காம்பு முறுக்கினால்

எல்லாக் கட்டியும் இவ்வளவு சாதுவாக நடந்துகொள்வதில்லை. பண்ருட்டிக்காரர்களுக்குப் பலாவைச் சொன்னால் இது விளங்கிவிடும். பெரிய காயைத் தாங்குவது ஒரு காம்பு. சத்து முழுக்க அந்தக் காம்பின் வழியேதான் போக வேண்டும். சினைப்பைக்கும் ரத்தக் குழாய்கள் ஒரு காம்புபோல் சேர்ந்துதான் வருகின்றன. பலாக்காம்பு தடித்தது, சிசுவின் சினைப்பைக் காம்போ மெல்லியது, நீளமானது. கட்டியின் பாரத்தில் சினைப்பை சுழன்றால் காம்பு முறுக்கிக்கொள்ளும். ரத்தம் நின்றுபோகும். இதைச் 'சினைப்பை முறுக்கு' என்போம்.

முறுக்கியது திரையில் தெரியும். தெளிந்த கறுப்பு கலங்கிவிடும். அடியில் வண்டல்போல் ஒரு படிவு, மேலே நீர், நடுவில் ஒரு கோடு. அல்லது உறைந்த ரத்தக் கட்டி, தடுப்புகள். இப்படித் தோன்றுபவற்றைக் 'கலங்கிய கட்டி' என்றும், மற்றதைத் 'தெளிந்த கட்டி' என்றும் மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். உள்ளே ரத்தம் கசிந்தால்கூடக் கலங்கும் என்பதால், கலங்கியதெல்லாம் முறுக்கியது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முறுக்கி ரத்தமில்லாமல் வாடிய சினைப்பை சில நேரம் காம்பிலிருந்து அற்று, சுண்ணாம்பு படிந்த சிறு உருண்டையாக வயிற்றுக்குள் மிதந்து திரிவதும் உண்டு.

2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 34 ஆய்வுகளிலிருந்து 954 கருக்களின் விவரங்களைத் திரட்டியது. பாதிக்கும் மேற்பட்ட கட்டிகள், நூற்றுக்கு ஏறத்தாழ 54, கருப்பையிலோ பிறந்த பிறகோ தாமாக மறைந்தன. 40 மில்லிமீட்டருக்குக் குறைவான தெளிந்த கட்டிகள் மறையும் வாய்ப்பு மிக அதிகம். 40-ஐத் தொட்டவற்றில் முறுக்கு ஏற்படும் ஆபத்து பல மடங்கு. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் குழந்தை அந்தக் கோட்டைத் தாண்டியும் தப்பித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது என்பது கூடுதல் கவனத்துக்கான எண்.

ஊசியா, காத்திருப்பா?

பெரிய தெளிந்த கட்டியில், பாரத்தைக் குறைத்தால் முறுக்காது அல்லவா? தாயின் வயிறு வழியாக மெல்லிய ஊசியைக் கருவின் கட்டிக்குள் செலுத்தி நீரை உறிஞ்சி எடுக்கும் முறை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. பலன் தருமா?

பிரான்சில் 61 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 34 பேருக்கு ஊசி, 27 பேருக்குக் காத்திருப்பு. ஊசி போட்டவர்களில் 16 கட்டிகள் கருப்பையிலேயே சுருங்கின, காத்திருந்தவர்களில் 5. பிறந்த பிறகு ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டது முதல் குழுவில் 7 குழந்தைகளுக்கு, இரண்டாவதில் 10 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். ஆனால் சினைப்பையையே எடுக்க வேண்டி வந்தது முதல் குழுவில் ஒரு குழந்தைக்கு, இரண்டாவதில் ஆறு பேருக்கு.

ஆகவே ஊசியை எல்லோருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை, அறவே ஒதுக்குவதும் இல்லை. வடித்த கட்டி மீண்டும் நிறைவதுண்டு. தவறிப்போய்க் குடல் கட்டியில் குத்திவிடும் அபாயமும் உண்டு. கரு மருத்துவத்தில் தேர்ந்த பெரிய மையங்களில், பெரிய தெளிந்த கட்டிகளுக்கு மட்டும் யோசிக்கும் வழி இது.

பிறந்த பிறகு

தொப்புள்கொடியை வெட்டியதும் கட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பெரிய கிளை துண்டிக்கப்படுகிறது. சில நாட்களில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன் வடிந்துவிடும். அதே வடிதலின் இன்னொரு விளைவைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். பிறந்து நாலைந்து நாளான பெண் குழந்தையின் துணியில் சிறு ரத்தக் கறை. சில குழந்தைகளுக்கு, ஆண் குழந்தைகளுக்கும்கூட, மார்பு லேசாக வீங்கிப் பால்போல் கசியும். எல்லாம் தாய்வழி வந்த ஹார்மோன்களின் வேலை. மார்பைப் பிதுக்கிவிடச் சொல்லும் ஆயாக்கள் இன்னும் உண்டு. பிதுக்கினால் சீழ் பிடிக்கும். விட்டுவிட்டால் தானே சரியாகும்.

குழந்தையின் சொந்த பிட்யூட்டரி சில மாதம் துள்ளிவிட்டு அடங்கும். அதனால் கட்டி மறைய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை ஆகலாம். தெளிந்த, சிறிய கட்டியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனில் பார்த்தால் போதும். நாலைந்து செ.மீ.க்கு மேல் இருந்து சுருங்காதவை, கலங்கியே நிற்பவை, தொந்தரவு தருபவை ஆகியவற்றுக்குக் குழந்தைகள் அறுவை மருத்துவர் தேவை. லேப்ராஸ்கோபி மூலம் கட்டியை மட்டும் நீக்கி, முடிந்தவரை சினைப்பையைக் காப்பாற்றுவது இன்றைய போக்கு. முறுக்குகளில் பெரும்பாலானவை பிறக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால் பிறந்த அன்றே அறுவைக் கூடத்துக்கு ஓடுவதில் பயன் குறைவு. ஒரு சினைப்பை போய்விட்டாலும் மற்றது நன்றாக இருந்தால் பூப்படைவதும் தாயாவதும் நடக்கும். இந்த வயதுக் கட்டி புற்றுநோயாக இருப்பது அரிதினும் அரிது.

காத்திருக்கும் மாதங்களில் சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பச்சை நிற வாந்தி, வயிறு உப்புதல், எதற்கும் அடங்காத அழுகை, உடல் வெளிறுதல். இவற்றில் எது தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்வீட்டுக்குப் போகும் பை

இந்த மருத்துவத்தின் பலவீனமான கண்ணி ஊசியிலோ கத்தியிலோ இல்லை. ஸ்கேன் புகுந்த வீட்டு ஊரில் நடக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். பிரசவம் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஆகிறது. குழந்தை நன்றாக அழுகிறது, பால் குடிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாத கட்டியைப் பற்றிப் பிரசவம் பார்த்தவருக்கு யாரும் சொல்லவில்லை என்றால், அது கண்காணிப்பிலிருந்து நழுவிவிடும்.

எனவே கர்ப்பத்தில் 'வயிற்றினுள் நீர்க்கட்டி' என்று எழுதிக்கொடுக்கப்பட்ட தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரசவத்துக்கு எடுத்துவைக்கும் பையில் குழந்தைத் துணியோடு எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் படங்களோடு தேதி வாரியாக வையுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் எழுதிய தாய்–சேய் அட்டையிலும் கட்டியைக் குறித்துத் தரும்படி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். குழந்தை ஆணோ பெண்ணோ, வீட்டுக்குக் கிளம்பும் முன் வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, அடுத்த தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.